பெட்டியைப் பிரிக்காதீர்கள்: ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்புக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரிப்புக் குழுவினருக்கு,

சென்ற மாதம் தங்களிடமிருந்து எனக்கு வந்த கடிதத்தில் மொத்தம் நான்கு வரிகள் இருந்தன. இந்திய விமானப்படையில் போர் விமானியாக இருந்து, 1965, 1971 ஆகிய இரண்டு போர்களிலும் பறந்த என் மாமாவின் பொருள்களில் தலைக்கவசம், பிராணவாயு முகமூடி, சீருடை, பதக்கங்கள் ஆகியவற்றைக் காட்சிக்காக ஏற்றுக்கொள்வதாகவும், ‘இதர தாள்கள்’ தேவைப்படவில்லை என்பதால் அவற்றை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் அல்லது என் விருப்பப்படி அப்புறப்படுத்திக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். பதினான்கு மாதக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த பதில் இது. தாள்களை வாங்கிக்கொள்ள நேரில் வந்தபோது, கடிதக் கட்டின்மேல் நான் போட்டுக்கொடுத்த முடிச்சு அப்படியே இருந்தது. அதை அவிழ்க்காமலேயே, உள்ளே இருப்பது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

தங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. என்னைப்போல் குடும்பத்துப் பொருள்களைச் சுமந்துகொண்டு வெவ்வேறு இடங்களுக்கு அலைந்தவர்கள் சொல்வதைக் கேட்டால், இந்தப் போக்கு ஓர் இடத்தோடு நிற்பதாகத் தெரியவில்லை. மாமாவின் பெயரையும் அவருடைய ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) எண்ணையும் எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டதால் அவற்றையும் விட்டிருக்கிறேன். மற்றபடி நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மாமா 2009-இல் காலமானார். திருச்சி வீடு கைமாறியபோது ஒரு வாரத்துக்குள் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. பரணில் இருந்தவை எடைக்குப் போயின. குடும்பத்தில் யாரும் தீய எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் யாருக்கும் திறந்து காட்டியதில்லை என்பதுதான் காரணம். செய்தி தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது, மூடியில் வெள்ளைப் பெயின்டால் பெயரும் பணி எண்ணும் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டி பழைய பேப்பர் கடையின் தராசுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. இரும்புக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை என்பதால் உள்ளே இருந்தவற்றைச் சாக்கில் கொட்டிவிட்டிருந்தார்கள். கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாக்கைத் தரையில் கவிழ்த்து, மாலை வரை நான் உட்கார்ந்து பொறுக்குவதற்கு வெளிச்சமான ஓர் இடத்தையும் கொடுத்தார். அவருக்கு நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அன்று கிடைத்தவை: விமானிகள் தம் கைப்பட எழுதிவைக்கும் பறத்தல் குறிப்பேட்டின் முதல் தொகுதி, மெல்லிய தோல் கையுறைகள், ஒரு காக்கி உறை நிறையப் புகைப்படங்கள், சீருடை. அந்தக் குறிப்பேட்டை வீட்டில் லாக் புக் என்றே சொல்வோம். அதன் இரண்டாம் தொகுதி இரண்டு நாள் முன்னதாகவே பழைய புத்தக வியாபாரி ஒருவர் கைக்குப் போய்விட்டிருந்தது. கை மாறி, ஊர் மாறி, அது என்னிடம் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. பதக்கங்களை ஒரு நாணய வியாபாரியிடம் கண்டேன். 1971 போருக்கான சங்கிராம் மெடலின் விளிம்பில் பொறித்திருந்த பணி எண் இல்லாவிட்டால் அவை மாமாவுடையவை என்று நிரூபித்திருக்கவே முடியாது. தலைக்கவசமும் முகமூடியும் ஒரு முன்னாள் தரைப்பணியாளர் வீட்டில் பத்திரமாக இருந்தன. மாமா ஓய்வுபெறும்போது தாமாகவே அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். “சார் ஏணியில் இறங்கும்போது இதை முதலில் கையில் வாங்குவது நான்தான்” என்று சொல்லி, இரண்டு கைகளாலும் ஏந்தி என்னிடம் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கடைசியாகக் கிடைத்தவை கடிதங்கள். பாட்டி அவற்றைச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் மஞ்சள் நூலால் கட்டி வைத்திருந்ததும், பாட்டிக்குப் பின் அந்தக் கட்டை அம்மா பிரிக்காமலேயே காப்பாற்றி வந்ததும், நான் தேடத் தொடங்கிப் பதினோராவது ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

தங்கள் குழு ‘இதர தாள்கள்’ என்று இரண்டு சொற்களில் ஒதுக்கியது எதை என்பதைத் தாங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதால், அவற்றில் இரண்டை மட்டும் இங்கே விரித்துக் காட்டுகிறேன்.

லாக் புக்கின் 1971 டிசம்பர் பக்கம் சாதாரணமான ஒரு பக்கம்தான். தேதி, விமான வகை, விமான எண், விமானியின் பெயர், பணி, பறந்த நேரம் என்று கட்டங்கள் ஓடுகின்றன. மாத முடிவில் மேலதிகாரிகளின் கையொப்பங்கள் இருக்கின்றன. டிசம்பர் 3 மாலை மேற்கு எல்லையில் இந்திய விமானதளங்கள் தாக்கப்பட்டுப் போர் தொடங்கியது. அந்தப் பக்கம் மறுநாளிலிருந்து நெருக்கமாக நிரம்பத் தொடங்குகிறது. 7-ஆம் தேதிக்கு நேராக மூன்று வரிகள். மூன்றிலும் ஹண்டர் விமானம். நேரம் 45 நிமிடம், 50 நிமிடம், 40 நிமிடம். அதே தேதியிட்டு, 56 ஏ.பி.ஓ. என்ற படைத்தபால் முகவரியிலிருந்து பாட்டிக்கு அவர் எழுதிய நீல இன்லாண்டு கடிதம் இப்படிப் போகிறது: “அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர் அதிகம். நீ பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை போதுமானதாக இருக்கிறது. இன்று கொஞ்சம் அலைச்சல். ரேடியோவில் கேட்பதையெல்லாம் நினைத்துக்கொண்டு தூக்கம் கெடாதே. சாப்பிட்டுவிட்டேன்.”

9-ஆம் தேதியின் இரண்டாவது வரியில், பணி என்ற கட்டத்துக்குள், மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாக ஒரு குறிப்பு இருக்கிறது: இரண்டாம் எண் திரும்பவில்லை. இணையாகப் பறந்தவர் திரும்பவில்லை என்று பொருள். 4-ஆம் தேதியிலிருந்து அந்தப் பக்கத்தில் மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா வரியிலும் வந்துகொண்டிருந்த ஒரு பெயர் அதன் பிறகு வரவில்லை. மறுநாள், 10-ஆம் தேதி, பாட்டிக்கு எழுதியிருக்கிறார்: “என்னோடு அறையில் இருந்த சிநேகிதன் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு நீ அனுப்பிய முறுக்கை நானே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.”

பாட்டி சாகும்வரை அந்தச் சிநேகிதன் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறான் என்றே நம்பியிருக்க வேண்டும். லாக் புக் மட்டும் என்னிடம் இருந்த ஆண்டுகளில் ‘இரண்டாம் எண்’ எனக்கு ஒரு பெயராக மட்டுமே இருந்தது. கடிதம் மட்டும் கிடைத்திருந்தால் அதை ஒரு சாதாரண வீட்டுக் கடிதம் என்று மடித்து வைத்திருப்பேன். இரண்டும் ஒரே மேசைமேல், ஒரே தேதிகளோடு, பக்கத்தில் பக்கத்தில் கிடந்த அன்று இரவுதான் என் மாமா ஏன் வாழ்நாள் முழுவதும் டிசம்பர் மாதத்தில் வீட்டில் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்தார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் விளங்கியது. தாங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க விரும்பும் பஸ்சிமி ஸ்டார், 1971-இல் மேற்குப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கான பதக்கம்; அந்த டிசம்பர் 4, 7, 9 போன்ற தேதிகளுக்காகக் கொடுக்கப்பட்டது. அந்தத் தேதிகளை அப்புறப்படுத்திக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பதக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் முடிவை என்னால் ஏற்க முடியாது.

அடுத்து, புகைப்படங்கள். எழுதும்போதே கை நடுங்குகிற விஷயம் இது. காக்கி உறையில் இருந்த படங்களில் மூன்றைத் தங்கள் அலுவலகத்தில் யாரோ லேமினேஷன் செய்திருக்கிறார்கள். படம் வளையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் வெள்ளை அட்டையும் ஒட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று 1971-இல் ஸ்குவாட்ரன் விமானிகள் ஒரு ஹண்டரின் இறக்கைக்குக் கீழே நின்று எடுத்துக்கொண்ட குழுப்படம். அதன் பின்பக்கத்தில் நிற்கிற வரிசைப்படி எல்லாருடைய பெயர்களையும் மாமா பென்சிலால் எழுதியிருந்தார். திரும்பாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்திருந்தார். அந்தப் பெயர்கள் இப்போது பசைக்கும் அட்டைக்கும் அடியில் இருக்கின்றன. முன்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்த நான் பின்பக்கத்தை எடுக்காமல் விட்டது என் தவறு. அதற்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் ஓர் அருங்காட்சியகத்துக்குள் போன பிறகு அந்தப் படத்துக்கு இப்படி நேரும் என்று எந்தக் குடும்பமும் எதிர்பார்க்காது.

சூட்டில் உருகிய பிளாஸ்டிக் படத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். பிரிக்க முயன்றால் படத்தின் மேற்பரப்பும் சேர்ந்து உரியும். பின்னால் பழைய நிலைக்குத் திருப்ப முடியாத எதையும் ஒரு பொருளுக்குச் செய்யாதே என்பது பழம்பொருள் பாதுகாப்புத் துறையில் முதல் பாடம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு சுவடிக் காப்பாளர். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் பதினோரு ஆண்டுகளும் நான் வீட்டில் இவற்றைப் பார்த்துக்கொண்டேன். துருப்பிடித்த குண்டூசிகளைத் தாள் கிழியாமல் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடிதங்களைப் பாலித்தீன் பையிலிருந்து மாற்றி, அமிலம் இல்லாத தாளுக்குள் வைத்தேன். ராமபாணப் பூச்சி வராமலிருக்க மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஃபவுன்டன் பேனா மை ஒரு துளித் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் மழைக்காலத்தில் கூடத்து அலமாரியை விட்டுப் பெட்டியை நகர்த்தியதே இல்லை. இவ்வளவையும் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை வீட்டில் செய்ய முடியுமானால், தனிப் பணியாளர்களும் தனி அறையும் உள்ள ஒரு நிறுவனத்தால் முடியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

பெட்டியை ஒப்படைத்தபோது எனக்குக் கிடைத்த ரசீதில் ‘பழைய பொருள்கள், பெட்டி 1’ என்று மட்டுமே எழுதியிருந்தது. பொருள்வாரியாகப் பட்டியல் போட்டுக் கையொப்பமிட்டுத் தரும்படி அன்றே கேட்டேன். பிறகு செய்வோம் என்றார்கள். அந்தப் பட்டியல் இருந்திருந்தால் யார், எந்த நாளில், எந்தப் படத்தை உறையிலிருந்து எடுத்தார் என்பதாவது இன்று தெரிந்திருக்கும்.

காரணம் கேட்டுத் தொலைபேசியில் பேசியபோது எனக்குக் கிடைத்த விளக்கங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் விளக்கம், கடிதங்கள் தமிழில் இருப்பதால் அவற்றின் மதிப்பைக் கணிக்க முடியவில்லை என்பது. லாக் புக்கை அவர் ஆங்கிலத்தில் எழுதினார், ஏனென்றால் அது படையின் மொழி. தம் அம்மாவுக்குத் தமிழில் எழுதினார். இந்த நாட்டின் விமானப்படையில் பறந்தவர்கள் பஞ்சாபியிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வீட்டுக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பயப்பட்டதும், பொய் சொல்லி அம்மாவைத் தேற்றியதும், சாப்பாட்டை நினைத்து ஏங்கியதும் அந்தந்த மொழியில்தான். வீட்டு மொழியில் இருப்பதாலேயே ஒரு கடிதம் மதிப்பிட முடியாததாகிவிடும் என்றால், இந்தியப் போர் விமானிகளின் மனத்தை அறிவதற்கான வாசல் முழுவதையும் மூடிவிட்டதாகத்தான் ஆகும். படித்துச் சொல்ல ஆள் இல்லை என்றால் என்னைக் கேட்டிருக்கலாம். எல்லாக் கடிதங்களையும் தட்டச்சு செய்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு தர நான் ஒப்படைத்த நாளிலேயே எழுத்துமூலம் முன்வந்திருந்தேன்.

இரண்டாவது விளக்கம், அவர் வீர விருது எதுவும் பெற்றவர் அல்லர் என்பது. உண்மைதான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே நாட் விமானத்தில் தனியாகப் போரிட்டு உயிர்துறந்த நிர்மல் ஜித் சிங் சேகோன் ஒருவருக்குத்தான் விமானப்படையில், போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டிருக்கிறது. அவர் பறந்த 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-இல் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உருவாக்கப்பட்டது. அந்த உயரத்தில் வைத்து என் மாமாவைப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆனால் விருதுப் பட்டியலை வைத்து எந்தத் தாளைக் காப்பது என்று முடிவு செய்கிறவர்கள் அஜ்ஜமாட போப்பையா தேவய்யாவின் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தின் மீதான தாக்குதலுக்கு மாற்று விமானியாகக் கிளம்பிய அவர் திரும்பவில்லை. தம்முடைய மிஸ்டியர் விமானத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமுள்ள பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்றோடு வானில் போரிட்டு அதை வீழ்த்திவிட்டு அவர் இறந்தார் என்பது அப்போது இங்கே யாருக்கும் தெரியாது. வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவர் 1979-இல் வெளியிட்ட நூலிலிருந்த எதிர்த்தரப்பு விவரங்களை நம்மிடம் இருந்த தகவல்களோடு ஒத்துப்பார்த்த பிறகே உண்மை வெளிவந்தது. 1988-இல், இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, அவருக்கு, பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த விருதான மகாவீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. 1965-க்கும் 1988-க்கும் இடையில் தங்களைப் போன்ற ஒரு குழு அவர் பெட்டியைப் பார்த்திருந்தால், விருது இல்லாதவர் என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்களில் காணாமல் போய், எதிரி நாட்டுச் சிறைகளில் இருந்திருக்கலாம் என்று குடும்பங்கள் நம்புகிற 54 படையினரின் விவகாரம் நாடறிந்தது. அவர்களில் கணிசமானோர் விமானப்படையினர். பெரும்பாலோர் 1971-இல் போனவர்கள். அந்தக் குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளாக ஒரு பத்திரிகைத் துணுக்கையும் ஒரு மங்கிய படத்தையும் வைத்துக்கொண்டு விசாரித்துவருகிறார்கள். யார் யாரோடு எந்த நாளில் பறந்தார்கள், யார் கடைசியாக யாரைப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லக்கூடிய தனிமனிதச் சான்றுகள் லாக் புக்குகளும் குழுப்படத்தின் பின்னால் எழுதிய பெயர்களும்தான். தங்கள் அலுவலகத்தில் அட்டை ஒட்டி மறைக்கப்பட்டது யாருடைய குடும்பத்துக்குத் தேவைப்பட்ட பெயர் என்பதை நான் எப்படி அறிவேன்? தாங்கள்தான் எப்படி அறிவீர்கள்?

மூன்றாவது விளக்கம் பாதுகாப்பு பற்றியது. போர்க்கால விவரங்கள் இருப்பதால் லாக் புக்கை வைத்துக்கொள்வது சிக்கல் என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கொள்கையின்படி, போர் நாட்குறிப்புகளும் படைப்பிரிவுகளின் நடவடிக்கைப் பதிவேடுகளும்கூட வழக்கமாக 25 ஆண்டுகளில் ரகசிய நிலையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றை ஆவண வல்லுநர்கள் பரிசீலித்து, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். அரசு ஆவணத்துக்கே 25 ஆண்டு போதும் என்னும்போது, ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தனிமனிதரின் குறிப்பேட்டில், ஓய்வுபெற்ற ஹண்டர் விமானம் 45 நிமிடம் பறந்தது என்ற வரியில், இன்று என்ன ஆபத்து இருக்கிறது? உண்மையாகவே சந்தேகம் இருந்தால் உரியவர்களிடம் எழுதிக் கேட்டுப் பதில் பெறுவது முறை. அதற்காக ‘அப்புறப்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரு குடும்பத்துக்கு எழுதுவது முறையே அல்ல.

அந்தக் கொள்கையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதனால்தான் தங்களைப் போன்ற அருங்காட்சியகங்களின் பொறுப்பு கூடுகிறது. அது அரசுப் பதிவேடுகளை மட்டுமே பேசுகிறது. விமானியின் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டி அதில் வராது. தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-இன்படி பொருள்கள் 100 ஆண்டும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 75 ஆண்டும் கடந்தால்தான் தொல்பொருள் என்ற பாதுகாப்பைப் பெறும். 1971 டிசம்பரில் எழுதிய கடிதத்துக்கு அந்த வயது வர 2046 ஆகவேண்டும், தலைக்கவசத்துக்கு 2071. அதுவரை இவற்றைக் கிழிக்கலாம், விற்கலாம், எடைக்குப் போடலாம். யாரையும் சட்டம் கேட்காது. இடைப்பட்ட இந்த ஆண்டுகளில்தான் பெட்டிகள் அழிகின்றன. 1971-இல் 25 வயதாக இருந்த ஒரு விமானி இன்று எண்பதை ஒட்டி நிற்கிறார். வீடுகள் விற்கப்படுவதும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுப் போவதும் நடந்துகொண்டிருப்பது இப்போதுதான்.

இப்படியொரு தவறு வேறொரு நாட்டில் நடந்து முடிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் உரியவர்களால் வாங்கிக்கொள்ளப்படாமல் தேங்கிய ஆயிரக்கணக்கான லாக் புக்குகள் 1960 வாக்கில் அழிக்கப்பட்டன. மாதிரிக்கென்று எடுத்துவைத்த சிறு பகுதிதான் இன்று அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதே நாட்டின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் சாதாரணச் சிப்பாய்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தனித் தொகுப்பாகவே பராமரித்துவருகிறது. ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் உட்கார்ந்து படிப்பது பெரும்பாலும் அந்தத் தாள்களைத்தான். இங்கே டெல்லியின் பாலம் பகுதியில் 1967 முதல் ஒரு விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. 2023-இல் சண்டிகரில் புதியதொன்றும் திறக்கப்பட்டிருக்கிறது. விமானங்களைப் பார்க்க நம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த மனிதனைக் காட்டவும் இடம் வேண்டும்.

எனவே தங்களிடம் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை.

மாமாவின் பொருள்களை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது முழுமையாகத் திருப்பித் தாருங்கள். தலைக்கவசம் முதல் கடைசி இன்லாண்டு கடிதம் வரை அவை ஒரே தொகுப்பாக, ஒரே எண்ணின் கீழ் பதிவுசெய்யப்பட வேண்டும். எல்லாவற்றையும் காட்சியில் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காட்சிக்கு வராதவை இருட்டான, ஈரமில்லாத ஓர் அறையில், கேட்டு வருபவர் படிக்கும்படி இருந்தால் போதும்.

லேமினேஷன் செய்யப்பட்ட மூன்று படங்களையும் தகுதியுள்ள ஒரு பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் தங்கள் செலவில் காட்டி, பின்பக்கப் பெயர்களை மீட்க முடியுமா என்று எழுத்துமூலம் கருத்துப் பெற்றுத் தர வேண்டும். அந்தக் கருத்து வரும்வரை யாரும் அவற்றைப் பிரிக்க முயலக் கூடாது. தங்கள் வளாகத்தில் இனி எந்தக் குடும்பத்தின் படத்துக்கோ தாளுக்கோ லேமினேஷன் செய்யப்படாது என்ற உத்தரவைப் பிறப்பித்து, அதன் நகலை எனக்கு அனுப்ப வேண்டும்.

இனிப் பெட்டியோடு வரும் ஒவ்வொருவருக்கும், அவர்கள் கண்முன்னே, பொருள்வாரியாகப் பட்டியலிட்டுக் கையொப்பமிட்ட ரசீது தர வேண்டும். பதிலுக்கு ஒரு கால வரம்பும் வேண்டும். மூன்று மாதம் நியாயமானது என்று நினைக்கிறேன். வீட்டு மொழியில் உள்ள தாள்களைப் படித்துச் சொல்ல அந்தந்த மொழி அறிந்த முன்னாள் படையினரையும் ஆசிரியர்களையும் கொண்ட ஒரு பட்டியலைத் தயார் செய்யுங்கள். சம்பளம் கேட்காமல் வரக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழுக்கு முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.

மூலத்தைத் தர மனமில்லாத குடும்பங்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. அவர்கள் வீட்டுக்கே போய் லாக் புக்கையும் கடிதங்களையும், பின்பக்கம் உட்பட, ஸ்கேன் செய்துகொண்டு மூலத்தை அங்கேயே விட்டு வரும் ஏற்பாட்டை முன்னாள் விமானப்படையினர் சங்கங்களோடு சேர்ந்து தொடங்குங்கள். 1965-இலும் 1971-இலும் பறந்தவர்களில் இன்னும் இருப்பவர்களின் வீடுகளுக்கு முதலில் போங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினால், எந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார் என்று சொல்ல அவர்களால் இன்றும் முடியும்.

தங்களிடமிருந்து வாங்கிவந்த தாள்கள் இப்போது அதே கறுப்புப் பெட்டிக்குள், என் வீட்டுக் கூடத்து அலமாரியில் இருக்கின்றன. தலைக்கவசமும் முகமூடியும் சீருடையும் பதக்கங்களும் தங்களிடம் இருக்கின்றன. அறுபது நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், அவற்றைத் திரும்பப் பெற்று முழுத் தொகுப்பையும் வேறொரு பொது நிறுவனத்திடம் ஒப்படைப்பேன். ஏற்பதாக முடிவு செய்தால், தங்கள் குழுவில் இருவராவது நேரில் வாருங்கள். 1971 டிசம்பர் பக்கத்தையும் 10-ஆம் தேதிக் கடிதத்தையும் மேசைமேல் எடுத்து வைத்திருப்பேன். கையொப்பமிடும் முன் அவை இரண்டையும் தாங்கள் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அந்த விமானியின் தங்கை மகள்